பூங்காவில் பெட்டி ஒளிக்க மனுக் கொடுத்தவள்

ஒரு பொருளை யாருக்கும் தெரியாமல் ஒளித்து வைப்பதற்காகப் பேரூராட்சி, கலெக்டர் அலுவலகம் என்று ஏறி இறங்கி, ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு ஒளித்து வைத்த ஆள் இந்த மாவட்டத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. எழுதும்போதே காது சூடாகிறது. ஆனால் எங்கள் குடும்பத்தில் நிச்சயதார்த்தம், காதுகுத்து என்று நாலு பேர் கூடிவிட்டால் இலை எடுப்பதற்குள் இந்தக் கதை வந்துவிடும். அடுத்தவர் வாயில் அது படுகிற பாட்டைக் கேட்பதைவிட நானே எழுதித் தொலைப்பது நல்லது.

நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் டிசைனர். பட்டாசுப் பெட்டி லேபிள் வரைவது என் வேலையாக இருந்தது. மத்தாப்புப் பெட்டியில் சிரிக்கிற குழந்தை, வெடிப் பெட்டியில் உறுமுகிற புலி, எல்லாம் என் கைவண்ணம். (என் புலி பூனை மாதிரி இருக்கிறது என்று போர்மேன் சொல்வார். அவருக்குப் பொறாமை.) வீடு விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவில் ஒரு பேரூராட்சியில். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன், ஏற்கெனவே நான் அந்த ஊருக்குச் செய்தது போதும்.

புது சாப்ட்வேர் கற்றுக்கொண்டு வரும்படி கம்பெனி என்னைப் பத்து நாள் பெங்களூருக்கு அனுப்பியது. வினை அங்கேதான் ஆரம்பம். கூடப் படித்த ஒரு பெண் ஞாயிற்றுக்கிழமை என்னை ஒரு பூங்காவுக்குக் கூட்டிப் போனாள். போனைப் பார்த்துக்கொண்டே ஒரு மரத்தைச் சுற்றினாள், குனிந்தாள், வேருக்கு அடியிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தாள். உள்ளே ஒரு நோட்டு. அதில் முன்பின் தெரியாத முப்பது நாற்பது பேரின் பெயர்கள். நாங்களும் எழுதிவிட்டு, டப்பாவை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தோம்.

இதற்குப் பெயர் ஜியோகேச். யாரோ ஒருவர் பெட்டியை ஒளித்து வைத்துவிட்டு இடத்தின் குறிப்பை இணையத்தில் போட்டுவிடுவார். மற்றவர்கள் தேடிக் கண்டுபிடித்துப் பெயரை எழுத வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம்.

ஊருக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் இதை ஒரு மணி நேரம் விளக்கினேன். அவர் மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருக்கிறார், பொறுமைசாலி. முழுசாகக் கேட்டுவிட்டு, "கண்டுபிடிச்சா எடுத்துட்டு வரவும் கூடாதா?" என்றார்.

"கூடாது."

"பெறகு எதுக்கு அலையுறாக?"

அவருக்கு ரசனை போதாது என்று முடிவு கட்டினேன். அன்றைக்கே போனில், பெட்டி இருக்கிற இடங்களைப் புள்ளியாகக் காட்டும் வரைபடத்தைத் திறந்து பார்த்தால், எங்கள் பக்கம் ஒரு புள்ளிகூட இல்லை. பெங்களூரில் அம்மை போட்ட மாதிரி புள்ளிகள், இங்கே வெறும் வெள்ளை. நம் ஊரில் முதல் பெட்டியை வைத்தவள் என்று என் பெயர் வரும் என்று நினைத்தேன். எங்கே வரும், யார் பார்ப்பார்கள் என்றெல்லாம் நினைக்கவில்லை. வயது முப்பத்திரண்டு, புத்தி பன்னிரண்டு.

பொதுப் பூங்காவில் வைப்பதென்றால் இடத்துக்குச் சொந்தக்காரரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று விதிமுறையில் போட்டிருந்தது. வேறு யாராவது என்றால் பேசாமல் சொருகிவிட்டு வந்திருப்பார்கள். நான் சோப்பு உறையில் எழுதியிருப்பதைக்கூட முழுக்கப் படிக்கிற ரகம். பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனேன்.

அங்கே எழுத்தர் என் விண்ணப்பத்தை இரண்டு தடவை படித்தார். "ஏம்மா, செலை வைக்க ரூல் இருக்கு. கொடிக்கம்பத்துக்கு இருக்கு. தண்ணிப்பந்தலுக்கு இருக்கு. பெட்டிய ஒளிச்சு வைக்கதுக்கு நா எந்தப் புஸ்தகத்துல போயித் தேட?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். செயல் அலுவலர்தான் முடிவு சொல்ல வேண்டும் என்று வாங்கி வைத்துக்கொண்டார். மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை.

பேசாமல் இருந்திருக்கலாம். நான் ஒரு திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு, சூலக்கரையில் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கிற குறைதீர்க்கும் நாளுக்குக் கிளம்பினேன். வீட்டுக்காரர்தான் பைக்கில் கொண்டுபோய் விட்டார்.

வாசலுக்கு வெளியே மரத்தடியில் மனு எழுதித் தருகிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அதில் ஒருவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. மளமளவென்று எழுதி நீட்டினார். வாசித்தால், "கணவரால் கைவிடப்பட்டு வேறு ஆதரவின்றி வாடும் நான், மேற்படி பூங்காவில் ஒரு சிறு பெட்டியை மறைத்து வைத்து" என்று போகிறது.

"ஐயா, என் வீட்டுக்காரர் அந்தா பைக்ல உக்காந்திருக்காரு."

அவர் திரும்பிப் பார்த்தார். "இருக்கட்டும் தாயி. அந்த வரி இல்லாம எழுதுனா மனு நிக்காது" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார். திரும்ப எழுதச் சொல்லத் தெம்பில்லாமல் அப்படியே கையெழுத்துப் போட்டேன்.

வாசலில் பையைச் சோதித்தார்கள். பெண் போலீஸ் என் நீலப் பிளாஸ்டிக் பெட்டியை எடுத்துத் திறந்தார். நோட்டு, பென்சில், ஒரு விசில்.

"விசில் எதுக்கு?"

"கண்டுபிடிக்கிறவங்க ஊதுறதுக்கு மேடம்."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, உள்ளே போகச் சொன்னார். வரிசையில் எனக்கு முன்னால் ஓர் அம்மா, கையில் ஆஸ்பத்திரிக் காகிதங்களோடு நின்றார். மகனுக்குப் பட்டாசு விபத்தில் கை போய்விட்டதாம், ஆறாவது தடவையாக வருகிறாராம். "ஒனக்கு என்ன குறை தாயி?" என்று கேட்டார். எனக்கு வேர்த்துக் கொட்டியது. "பட்டா" என்றேன். "கெடைச்சிரும், அழுவாத" என்று என் முதுகைத் தடவினார். அந்த இடத்திலேயே நான் திரும்பி வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை, மனுவைக் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.

மேலே இருந்து "என்ன நடவடிக்கை" என்று காகிதம் வந்ததும் செயல் அலுவலர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனிதர்தான், ஆனால் அன்றைக்குக் கடுப்பில் இருந்தார். மனுவை எல்லோர் முன்னாலும் வாசித்தார். "கணவரால் கைவிடப்பட்டு" என்ற இடத்தில் நிறுத்தி, "முந்தாநாளு தெருவிளக்கு எரியலைன்னு சொல்ல வந்தாரே, அவரு யாரு?" என்றார். எழுத்தர் குனிந்து எதையோ தேடுகிற மாதிரி சிரித்தார்.

ஆனாலும் அனுமதி கொடுத்தார். பெட்டி நீல நிறம், சாப்பாட்டு டப்பா அளவு, புகைப்படம் இணைப்பு. வைக்கும் இடம், கிழக்கு ஓர சிமெண்ட் பெஞ்சுக்கு அடியில். பூங்காத் துப்புரவுப் பணியாளர் தினமும் பெட்டியைப் பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். உலகத்திலேயே தினசரி வருகைப் பதிவேடு உள்ள ரகசியப் பெட்டி என்னுடையதுதான்.

அந்தப் பணியாளர்தான் முத்துமாரியக்கா. நாற்பத்தைந்து வயது இருக்கும். காண்டிராக்டில் வேலை, காலை ஆறு மணிக்கு வந்து கூட்டி, தண்ணீர் ஊற்றி, மத்தியானம் இரண்டு மணிக்குப் போவார். அதற்கு முன்னால் பதினேழு வருடம் பட்டாசுக் கம்பெனியில் திரி போடுகிற வேலை பார்த்தவர். ஒருநாள் பக்கத்து அறை வெடித்துவிட்டது. இவர் கதவு ஓரத்தில் இருந்ததால் ஓடி வந்துவிட்டார். கூட இருந்த இரண்டு பேர் வரவில்லை. அதற்குப் பிறகு கம்பெனி வேனில் ஏறுவதில்லை என்று தன் மகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு, ஒன்றரை வருடம் அலைந்து இந்தப் பூங்கா வேலையைப் பிடித்தார். சம்பளம் கம்பெனியில் வாங்கியதில் பாதிதான். "பாதி போதும்மா. எம் மக இப்பத்தான் நிம்மதியாப் பள்ளிக்கூடம் போறா" என்று என்னிடம் ஒருநாள் சொல்லியிருக்கிறார்.

பதிவேட்டைக் காட்டியதும் அவர் தயங்கினார். "நா கையெழுத்துப் போட்டா இந்த வேலைக்கு ஒண்ணும் வந்துராதுல்லம்மா?"

"ஒண்ணும் வராதுக்கா. நான் இருக்கேன்ல, எதுன்னாலும் பாத்துக்கிடுறேன்."

இந்த வாக்கியத்தைச் சொன்னபோது என் குரல் எவ்வளவு கம்பீரமாக இருந்தது என்பது எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. அவர் அந்த நீலப் பெட்டியை நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டார். சனிக்கிழமையிலிருந்து வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை அச்சகத்தில் உட்கார்ந்து பெட்டியைப் பார்த்தேன். அழுது வடிந்த ஒரு டிபன் டப்பா. ஏழு கலரில் லேபிள் போடுகிற டிசைனரின் பெட்டி இப்படியா இருக்க வேண்டும் என்று எனக்கு ரோசம் வந்துவிட்டது. மேஜைக்குக் கீழே ஒரு வேஸ்ட் தாள் கிடந்தது. ஒரு கம்பெனிக்கு அடுத்த சீசனுக்காக நான் வரைந்த வெடி லேபிள், கலர் மயிரிழை விலகிவிட்டதால் கழித்துக் கட்டியது. தங்க நிறம், புலி, பிளாஸ்டிக் பூச்சு. தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் லேபிள் தாள் என்றால் யாருக்கும் அது பட்டாசாகத் தெரியாது. பள்ளிக்கூட நோட்டுக்கு அட்டை, அலமாரிக்கு விரிப்பு, முறுக்கு டப்பாவுக்கு உறை, எல்லாம் அதுதான். என் பத்தாம் வகுப்புக் கணக்கு நோட்டில் "பத்திரமான தூரத்தில் நின்று பற்றவைக்கவும்" என்று இருந்தது. ஆனால் அதெல்லாம் பழைய சீசன் தாள். அடுத்த சீசன் தாள் வேறு விஷயம். தீபாவளிக்கு முன்னால் ஒரு துண்டு வெளியே போனால் இன்னொரு கம்பெனி அதே புலியைப் போட்டுவிடும். அதனால் வேஸ்ட் ஆனாலும் கிழித்துக் கட்டிவிட வேண்டும், கேட்டைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் முதலாளி அண்ணாச்சியின் சட்டம். போன வருடம் அப்படி ஒரு தாளில் வடை மடித்துக்கொண்டு போனதற்காகக் கட்டிங் மிஷின்காரரையே வீட்டுக்கு அனுப்பியவர்.

தெரிந்தும் எடுத்தேன். பெட்டியைச் சுற்றி ஒட்டினேன். ஈரம் புகாமல் இருக்கக் கறுப்பு டேப்பை நாலு சுற்றுச் சுற்றினேன். பெஞ்சுக்கு அடியிலிருந்து இழுத்து எடுக்க வசதியாக, காலண்டர் கட்டுகிற பச்சைக் கயிற்றில் ஒரு சாண் கட்டித் தொங்கவிட்டேன். (இப்போது கண்ணை மூடிக்கொண்டு யோசித்துப் பாருங்கள். வெடி லேபிள், கறுப்புச் சுற்று, பச்சையாக நீட்டிக்கொண்டிருக்கிற கயிறு. எனக்கு மட்டும் அது பரிசுப் பொட்டலம் மாதிரி தெரிந்தது.)

சனிக்கிழமை எட்டு மணிக்கு வேலைக்குப் போகிற வழியில் பூங்காவில் நுழைந்தேன். முத்துமாரியக்கா மறு ஓரத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கூப்பிட்டு, பெட்டி இப்போது வேறு மாதிரி இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தாயிற்று, வைக்கிற நேரமாவது மறைவாக வைப்போமே என்று ஓர் ஆசை. பெஞ்சுக்கு அடியில் சொருகிவிட்டு, பூனை மாதிரி நடந்து வெளியே வந்து பஸ் ஏறிவிட்டேன்.

பதினோரு மணிக்கு எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. பூங்காவில் யாரோ வெடி பதுக்கி வைத்திருக்கிறார்கள், யாரும் அந்தப் பக்கம் போக வேண்டாம். கீழே படம். என் புலி.

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருந்தது. லைசென்ஸ் இல்லாமல் வெடி பதுக்குகிறவர்களைத் தேடி வீடு வீடாக ஆய்வு நடக்கிற நேரம். தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிடைத்த பஸ்ஸில் ஓடி வந்தேன். வருகிற வழியெல்லாம் என்ன சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். 'சார், அது என் பெட்டி.' நாலே வார்த்தை.

பூங்கா வாசலில் தீயணைப்பு வண்டி. தெருவே கூடி நின்றது. நடந்ததை ஆளாளுக்குச் சொன்னார்கள். முத்துமாரியக்கா பத்து மணிக்குப் பெட்டியைப் பார்க்கப் போயிருக்கிறார். நீலப் பெட்டிக்குப் பதிலாக இது இருந்திருக்கிறது. கத்தவில்லை, ஓடவில்லை. மரத்தடியில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்களிடம் பீடியை அணைக்கச் சொல்லி, எல்லோரையும் ஓசைப்படாமல் வெளியே அனுப்பியிருக்கிறார். அதில் ஒருவர் போகிற போக்கில் போனில் படம் எடுத்திருக்கிறார். சாக்கை நனைத்துத் தூரத்திலிருந்தே பெட்டி மேல் போட்டு மூடியிருக்கிறார். பிறகு வாசலை அடைத்துக்கொண்டு நின்று, பேரூராட்சிக்கு ஆள் அனுப்பியிருக்கிறார். பதினேழு வருடம் கம்பெனியில் கற்றதை ஒன்றுவிடாமல் செய்திருக்கிறார், என் விசிலுக்கும் பென்சிலுக்கும்.

தீயணைப்புக்காரர்கள் அதை நீளமான கொக்கியால் இழுத்து ஒரு தண்ணீர் டிரம்முக்குள் போட்டுவிட்டார்கள். வெடிமருந்து சோதிக்கிற ஆள் திங்கட்கிழமைதான் வருவாராம், அதுவரை திறக்கக் கூடாது, டிரம்மோடு ஸ்டேஷனுக்குப் பின்னால் வைக்கப் போகிறோம் என்றார் எஸ்.ஐ.

அப்போதுதான் செயல் அலுவலர் என்னைப் பார்த்தார். "வாங்கம்மா. ஒங்க பெட்டிய வச்சாச்சா?"

வாயைத் திறந்தேன். செயல் அலுவலருக்குப் பின்னால், கூட்டத்தில், பைக்கில் சாய்ந்தபடி எங்கள் அச்சகத்துப் போர்மேன் நின்றுகொண்டிருந்தார். இந்தப் பக்கம் டெலிவரிக்கு வந்தவர், வேடிக்கை பார்க்க நின்றிருக்கிறார். டிரம் இருக்கிற பக்கம் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல சார். இன்னும் வைக்கல" என்றேன்.

செயல் அலுவலர் முத்துமாரியக்கா பக்கம் திரும்பினார். கையில் பதிவேடு. "அவங்க இன்னும் வைக்கவே இல்லங்காங்க. நீ காலைல ஆறு மணிக்கே பெட்டி பாத்தாச்சுன்னு கையெழுத்துப் போட்டிருக்க. வைக்காத பெட்டிய எங்கன பாத்த?"

பதிவேட்டில் வருகைக்கு ஒரு கட்டம், குழாய்க்கு ஒரு கட்டம், பெட்டிக்கு ஒரு கட்டம். காலையில் வந்ததும் எல்லாக் கட்டத்திலும் ஒரே மூச்சில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் எல்லோரும் வேலையைத் தொடங்குவார்கள். முத்துமாரியக்காவும் அப்படித்தான். "இல்லைங்க சார், வந்ததும் எல்லாத்துலயும் மொத்தமாப் போட்டுருவேன். பெறகு போயிப் பாப்பேன். இன்னைக்கு வைக்கேன்னு அந்தம்மாதான் சொன்னாக" என்று என்னைப் பார்த்தார்.

நான் என் செருப்பைப் பார்த்தேன்.

"பாக்காமலே கையெழுத்துப் போடுற. பெஞ்சுக்கு அடியில வெடி வச்சிட்டுப் போறவரைக்கும் தெரியல. விசாரணை முடியட்டும், நாளையிலருந்து வர வேண்டாம்" என்றார் செயல் அலுவலர். முத்துமாரியக்கா விளக்குமாற்றைக் கொண்டுபோய் அதன் இடத்தில் சாத்திவிட்டு, டிபன் தூக்கை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டித்தான் போனார். போர்மேனும் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரிடம் உளறினேன். புலி வரைக்கும் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். பச்சைக் கயிறு என்றதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. பிறகு நான் செயல் அலுவலரிடம் சொன்ன பதிலைச் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"முத்துமாரிக்கு வேலை போச்சா?"

"விசாரணை முடிஞ்சா..."

"கோமதி, போயிச் சொல்லிரு."

"அண்ணாச்சி வேலைய விட்டுத் தூக்கிருவாரு."

"தூக்குனா தூக்கட்டும். கடையில வந்து வத்தல் நிறுக்கலாம்" என்றார். நான் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றேன். ஞாயிறு முழுக்க எனக்கு ஒரே நப்பாசை. தண்ணீரில் ஊறி நோட்டு கூழாகியிருக்கும், எழுத்தெல்லாம் அழிந்திருக்கும் என்று. பிறகுதான் உறைத்தது. ஒரு சொட்டு ஈரம் புகாதபடி நாலு சுற்று டேப் ஒட்டியது நானேதான்.

திங்கட்கிழமை காலை ஏழரைக்கு பஸ் ஸ்டாப்பில் நின்றேன். கம்பெனி வேன் ஒன்று வந்து நின்றது. ஏறுவதற்காக நின்ற பெண்களில் கடைசியில் முத்துமாரியக்கா.

"அக்கா" என்றேன்.

திரும்பினார். முகத்தில் கோபமில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "பளைய கம்பெனிதாம்மா. சீசன் நேரம், ஆளு வேணும்னு கூப்பிட்டாக. பொளப்பு ஓடணும்ல?"

"மக என்ன சொல்லிச்சு?"

அவர் வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டார். உள்ளே இருந்து ஒருத்தி நகர்ந்து இடம் கொடுத்தாள். அப்போதும் என் வாயில் அந்த நாலு வார்த்தை வரவில்லை. வேன் போய்விட்டது. நான் சீ என்று என் தலையில் நானே அடித்துக்கொண்டேன், நிஜமாகவே, கையால். பக்கத்தில் நின்றவர் தள்ளி நின்றார்.

சிவகாசி பஸ் வந்தது, ஏறவில்லை. பேரூராட்சி அலுவலகத்துக்கு நடந்தேன். பூட்டியிருந்தது. படியில் உட்கார்ந்தேன். பத்து மணிக்குச் செயல் அலுவலர் வந்ததும், அவர் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் எஸ்.ஐ.க்குப் போன் போட்டார்.

ஸ்டேஷனுக்குப் பின்னால், வெடிமருந்து அதிகாரி முன்னிலையில், டிரம்மிலிருந்து என் பெட்டியை எடுத்து அறுத்தார்கள். உள்ளே சருகு மாதிரி உலர்ந்திருந்தது. எஸ்.ஐ. நோட்டின் முதல் பக்கத்தைச் சத்தமாக வாசித்தார். "அன்புள்ள தேடலாளரே, வாழ்த்துகள். நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். மகிழ்ச்சியை விசில் ஊதித் தெரிவிக்கவும்." என் கையெழுத்து, என் பெயர், கீழே ஒரு சிரிக்கிற முகம்.

அதிகாரி விசிலை எடுத்து ஒரு தடவை ஊதிப் பார்த்தார். கான்ஸ்டபிள்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரிக்க முயன்றேன். செயல் அலுவலர் சிரிக்கவில்லை. "இத நீங்க சனிக்கிழமையே சொல்லியிருந்தா ரெண்டு நிமிசத்துல முடிஞ்சிருக்கும்மா. அந்தப் பொம்பளைய நா எல்லாரு முன்னாடியும் பேசிட்டேன்" என்றார்.

காண்டிராக்டருக்குக் கடிதம் அன்றைக்கே போனது. ஆனால் அவர் வெளியூரில் இருந்தார், புதன்கிழமை மாலைதான் திரும்பினார். முத்துமாரியக்கா வியாழக்கிழமை பூங்காவுக்கு வந்தார். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் வேனில் போய் வந்தார். நான் திங்கட்கிழமை சாயங்காலமே அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அழுதேன். அவர் எனக்குத் தண்ணீர் கொடுத்தார். "என்னையத் தனியாக் கூப்பிட்டாவது சொல்லியிருக்கலாம்லம்மா. நா யாருகிட்டயும் போயிச் சொல்லியிருக்க மாட்டேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவர் மகள் உள்ளே படித்துக்கொண்டிருந்தாள், வெளியே வரவில்லை.

அண்ணாச்சி என்னை வேலையை விட்டுத் தூக்கவில்லை. அது ஒருவகையில் தூக்கியதைவிட மோசம். "நீ எங்கிட்ட வந்து சொல்லியிருந்தா நானே வந்து அந்த ஆபீசர்ட்ட பேசியிருப்பேன். என்னைய அம்புட்டு மோசமானவன்னா நெனச்சிட்ட?" என்று கேட்டார். கட்டிங் மிஷின்காரரை ஞாபகப்படுத்தத் தைரியம் இல்லை. லேபிள் பிரிவிலிருந்து தினசரி காலண்டருக்கு மாற்றினார். இன்றுவரை ராகுகாலம், எமகண்டம் பிழை திருத்திக்கொண்டிருக்கிறேன். பூங்காவில் ஒரு பலகை வைத்திருக்கிறார்கள், உள்ளே எந்தப் பொருளையும் மறைத்து வைக்கக் கூடாது என்று. எழுத்தர் இப்போது அதற்கும் ரூல் இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம்.

என் வீட்டுக்காரர்தான் இந்தக் கதையைக் குடும்பத்தில் பிரபலமாக்கியவர். "கைவிடப்பட்டவன் பேசுறேன்" என்றுதான் ஆரம்பிப்பார். மனு எழுதியவர் மாதிரி நடித்துக் காட்டுவார், போலீஸ்கார அம்மா விசிலைப் பார்த்த பார்வை வரும், பச்சைக் கயிறு வரும், தீயணைப்பு வண்டி வரும், அதிகாரி விசில் ஊதியதோடு முடித்துவிடுவார். நடுவில் இருக்கிற சனிக்கிழமை மத்தியானத்தை விட்டுவிடுவார். என் மேல் உள்ள பிரியத்தால்தான். எனக்கும் அது வசதியாக இருந்தது.

போன வருடம் என் நாத்தனார் மகளுக்குக் காதுகுத்து. முத்துமாரியக்காவையும் கூப்பிட்டிருந்தேன், வந்திருந்தார். பந்தியில் வழக்கம்போல் கதை ஓடியது. எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு, நாத்தனார் முத்துமாரியக்காவைப் பார்த்து, "நெசமாவே இப்படித்தான் நடந்துச்சாக்கா?" என்று கேட்டார்.

"எல்லாம் நெசந்தான்" என்றார் அவர், மோரை இலையில் ஊற்றிக்கொண்டே. "ஒண்ணுதான் விட்டுட்டாக. வைக்கலன்னு இவுக சொன்னதுல எனக்கு வேல போயிருச்சு. மூணு நாளு வேன்ல போனேன். மூணு நாளும் எம் மக வாசலுக்கு வரல. நா போறதப் பாக்கக் கூடாதுன்னு அடுப்படியில போயிச் சொவரப் பாத்து உக்காந்துக்கிட்டா. ராத்திரி வந்து கைகாலு எல்லாம் இருக்கான்னு தொட்டுப் பாப்பா. அது மட்டுந்தான். மத்ததெல்லாம் நல்ல கூத்து."

குத்திக்காட்டச் சொன்னது மாதிரி இல்லை. கேட்டார்கள், விடுபட்டதைச் சொன்னார். பிறகு ஊறுகாய் கேட்டார். நாத்தனார் எழுந்து போய் எடுத்து வந்தார். பந்தியில் யாரும் என்னைப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் கதையை எங்கே ஆரம்பித்தாலும் தீயணைப்பு வண்டி வந்ததும் நிறுத்திவிடுகிறார். மிச்சத்தை அவ சொல்லுவா என்று என் பக்கம் கையைக் காட்டிவிட்டுக் கை கழுவப் போய்விடுகிறார். நானும் சொல்லிவிடுகிறேன், அந்தப் பிள்ளை அடுப்படியில் உட்கார்ந்திருந்த மூன்று நாளையும் சேர்த்து.